சொத்தை நகத்துக்குக் குளிர் பிளாஸ்மாவா, மாத்திரையா, பூச்சா?

அப்பாவின் வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப்போய் இருபது வருஷமாவது இருக்கும். சேற்றில் நின்ற கால். நடவு வந்தால் சேற்றுப்புண் வரும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து விரலிடுக்கில் தடவுவார், ஆறும், அடுத்த நடவுக்கு மறுபடி வரும். அந்தச் சேற்றுப்புண்தான் மெல்ல நகத்துக்கடியில் குடியேறியது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நகம்தானே என்று விட்டாயிற்று.

போன வருஷம் என் இடது கால் பெருவிரல் நகமும் அதே மாதிரி நிறம் மாறி, நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டது. அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நானே முடிவு கட்டினேன். கூகுளில் தேடினால் முதலில் வந்து நின்றது குளிர் பிளாஸ்மா, மின்சாரம் பாய்ச்சிய வாயுவை நகத்தில் காட்டும் சிகிச்சை. மாத்திரை வேண்டாம், வலி இல்லை, கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை. அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு அழகு சிகிச்சை கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் இரண்டு நகங்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஃபங்கஸ்தான் மேடம். ஆளுக்கு ஆறு சிட்டிங். சேர்ந்து எடுத்தா டிஸ்கவுண்ட் உண்டு" என்றார். நகத்தைச் சுரண்டவில்லை, வெட்டி அனுப்பவில்லை, அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. ஆனால் கருவியைக் காட்டினார். பேனா மாதிரி ஒன்று, நுனியில் ஊதா நிறத்தில் ஒரு சின்னச் சுடர். என் புறங்கையில் பிடித்தபோது எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு, வெதுவெதுப்பு, கூடவே ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை. அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "வெல்டிங் மாதிரி இருக்கு, ஆனா சுடலையே பாப்பா" என்றார். பணம் கட்டும் இடத்தில் மட்டும் அவருக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றோம்மா."

அந்த யோசனை மூன்று மாதம் நடந்தது. ஒரு தோல் மருத்துவரிடம் போனோம், நானும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக, எதை எதோடு வைத்துப் பார்த்தேன், கடைசியில் எங்கே போய் நின்றோம் என்று எழுதுகிறேன்.

முதலில், அது பூஞ்சைதானா?

எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்விக்கு முன்னால் இந்தக் கேள்வி இருக்கிறது. அதைத்தான் நான் தாண்டிப் போயிருந்தேன். விகாரமான நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சைத் தொற்று. மீதிக்குச் சொரியாசிஸ், செருப்பும் ஷூவும் அழுத்துவது, பழைய அடி, வயது என்று ஆயிரம் காரணம். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். அதனால்தான் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம், பரிசோதனையில் உறுதியாகாமல் நகப்பூஞ்சைக்கு மாத்திரை எழுதாதீர்கள் என்று 2013இலேயே தன் உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தது.

பரிசோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. டாக்டர் அப்பாவின் நகத்தை நுனியில் கத்தரித்துவிட்டு, அடியில் இருந்த சுண்ணாம்புப் பொடி போன்றதைச் சுரண்டி எடுத்தார். நுனியில் இருப்பதை எடுத்தால் போதாதாம், எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளேயிருந்து எடுக்க வேண்டும், அங்கேதான் பூஞ்சை உயிரோடு இருக்கும் என்றார். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் அதை ஊற வைத்தால் நகத்தின் கெரட்டின் என்ற புரதம் கரைந்து, பூஞ்சை இழைகள் மட்டும் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் துண்டில் நூல் நூலாக, மூங்கில்போலக் கணு வைத்துக் கிளைத்து ஓடியது. அப்பா பார்க்க மறுத்துவிட்டார்.

என் நகத்தில் ஒன்றும் இல்லை. இந்தச் சோதனை சில சமயம் பூஞ்சையைத் தவற விடும் என்பதால் வெட்டிய நகத் துண்டைத் தனியாகச் சாயமேற்றும் சோதனைக்கும், பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார். வளர்ப்புக்கு மூன்று நாலு வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்றே வந்தது. காலையில் ஓடும்போது பெருவிரல் ஷூவின் முன்பக்கம் போய்ப் போய் இடித்ததில் நகம் தூக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு எழுதித் தரப்பட்ட சிகிச்சை, அரை சைஸ் பெரிய ஷூ. கிளினிக்கில் பணம் கட்டியிருந்தால் இல்லாத பூஞ்சைக்கு ஆறு முறை ஊதாச் சுடர் காட்டியிருப்பார்கள். புது நகம் தானாக முளைத்ததும் "பாத்தீங்களா மேடம்" என்றும் சொல்லியிருப்பார்கள்.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஞ்சைக் களிம்பு எதையாவது தடவிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சில வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். மருதாணியும் வேண்டாம். அம்மா அதைத்தான் அரைத்து வைத்திருந்தார்.

மாத்திரை: பழசு, ஆனால் கணக்கு தெரிந்தது

இந்த விஷயத்தில் என் சாய்வை மறைக்கப் போவதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்குப் பூஞ்சை என்று உறுதியானால், முதலில் நிற்பது டெர்பினாஃபின் மாத்திரைதான். தினம் 250 மில்லிகிராம், கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். ரத்தத்தின் வழியாக நகத்தின் வேருக்கும் அடிச்சதைக்கும் போய்ச் சேர்கிறது, பூஞ்சையின் செல்சுவருக்குள்ளே இருக்கும் சவ்வைக் கட்டவிடாமல் தடுக்கிறது, நிறுத்திய பிறகும் பல மாதம் நகத்திலேயே தங்கி வேலை செய்கிறது. பூஞ்சை நகத்துக்கு அடியில் இருக்கிறது, மருந்தும் அடியிலிருந்தே வருகிறது. இதன் பலம் அங்கேதான்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்காகச் செய்த கால் நக ஆய்வில், 48 வாரத்தின் முடிவில் நூற்றுக்கு 70 பேருக்குப் பரிசோதனையில் பூஞ்சை இல்லை. ஆனால் பூஞ்சையும் இல்லாமல் நகமும் முழுசாகச் சீரானது 38 பேருக்குத்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்மாவுக்கு வரும்போது தேவைப்படும்.

இட்ராகோனசோல் அடுத்தது. மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டு மூன்று வாரம் விடும் முறை இதில் உண்டு, அது சிலருக்கு வசதி. டெர்பினாஃபினோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு 1999இல் வெளியானது. 72 வாரத்துக்குப் பிறகு, 12 வாரம் டெர்பினாஃபின் எடுத்தவர்களில் 76 சதவீதத்தினருக்குப் பூஞ்சை போயிருந்தது. விட்டு விட்டு மூன்று சுற்று இட்ராகோனசோல் எடுத்தவர்களில் 38 சதவீதம். சரிபாதி. தவிர, இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சிலவற்றோடு சேர்க்கவே கூடாது. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை என்றால் மட்டும் கதை மாறும், அதற்கு டெர்பினாஃபினைவிட இதுதான் மேல். நாளெல்லாம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கை ஈரத்திலேயே இருப்பவர்களின் கைவிரல் நகங்களில் பெரும்பாலும் வருவது அந்த வகை.

எல்லோரும் பயப்படும் கல்லீரல் விஷயம். டெர்பினாஃபினால் கல்லீரல் கெட்டுப்போனது உண்டு, மிக அரிது. அதனால் ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நாக்கில் ருசி போவது அதைவிடக் கொஞ்சம் அதிகம் கேள்விப்படுவது, மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. "கெடுதலே இல்லாத பிளாஸ்மா" என்று விற்பவர்கள் இந்தப் பயத்தைத்தான் மூலதனமாக வைத்திருக்கிறார்கள். பயம் பொய்யில்லை, அளவுதான் பொய்.

இந்தியாவுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் படர்தாமரைக்குத் தடவித் தடவி, அடங்காத படர்தாமரை நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சூட்டிவிட்டார்கள். டெர்பினாஃபினுக்குப் பல சமயம் அசைந்து கொடுக்காதது அது. நகத்தைப் பிடிப்பதில் இன்னும் முன்னணியில் இருப்பது அதன் உறவுக்காரனான டிரைக்கோபைட்டான் ரூப்ரம்தான், அதற்கு மாத்திரை வேலை செய்கிறது. ஆனாலும் உடம்பில் தீராத படர்தாமரையும் சேர்ந்து இருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

பூச்சு: பொறுமை இருந்தால்

நகப்பாலிஷ்போலப் பூசும் மருந்துகள் மூன்று நாலு உண்டு. தினம் பூசும் சிக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் 1999இல் அமெரிக்காவில் வந்தது. ஆய்வுகளில் முழுக் குணம் 5.5 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். எஃபினகோனசோல் 10 சதவீதம் 2014இல் வந்தது, தினம் பூசி ஒரு வருஷத்தில் முழுக் குணம் 17.8 சதவீதம், இன்னொரு ஆய்வில் 15.2. மருந்து கலக்காத வெறும் கரைசலைப் பூசியவர்களுக்கே 3.3, 5.5 என்று வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் இங்கேயும் அதிகம் எழுதப்படும் அமோரோல்ஃபின் 5 சதவீதம் வாரம் ஒருமுறை பூசினால் போதும்.

எண்கள் சின்னவை. ஆனால் உடம்புக்குள் போகாத மருந்து. நகத்தின் பாதிக்குக் குறைவாக, வேரைத் தொடாமல் பாதிப்பு இருந்தால் இதை வைத்தே ஒப்பேற்றலாம். தடித்த நகத்தின் மேலே சும்மா பூசினால், ஓட்டு வீட்டின் கூரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே தரை கழுவியாயிற்று என்பதுபோல. முதலில் நகத்தை மெலிதாக்க வேண்டும். 40 சதவீத யூரியா களிம்பு அதற்குத்தான்.

பிளாஸ்மா என்ன செய்கிறது?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். முடி கொட்டுவதற்கு ரத்தத்தை எடுத்துச் சுழற்றி ஊசி போடுகிறார்களே, அந்தப் பிளாஸ்மா ரத்தத்தின் நீர்ப்பகுதி. மரு, மச்சத்தைப் பொசுக்கும் பிளாஸ்மா பேனா இன்னொன்று, அது சுடும். நாம் பேசுவது இரண்டுமில்லை. திடம், திரவம், வாயுவுக்கு அடுத்த நாலாவது நிலை. 1928இல் இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதற்குப் பிளாஸ்மா என்று பேர் வைத்தார். மின்னல் அதுதான், எரிகிற டியூப் லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். ஜெர்மனியில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857இலேயே இதே வகை மின்வெளியேற்றத்தால் ஓசோன் தயாரித்துக் காட்டினார். இன்றைய நகக் கருவிகளில் பல அந்தக் கருவியின் கொள்ளுப் பேரன்கள். ஜெராக்ஸ் மிஷின் வாசனையும் ஓசோன்தான்.

சுடாமல் இருப்பது எப்படி? வாயுவில் மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடேறுகின்றன. ஆனால் அவை அணுக்களோடு ஒப்பிட்டால் தூசு, அந்தச் சூட்டை அணுக்களுக்குக் கடத்த நேரம் கிடைப்பதில்லை. கம்பி மத்தாப்பின் பொறி கையில் தெறித்தாலும் சுடாதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்த எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஈரத்தையும் உடைத்து ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ராக்சில் என்று ஒரு படையையே கிளப்பிவிடுகின்றன. கொஞ்சம் புற ஊதாக் கதிரும் உண்டு. பூஞ்சையின் சவ்வு, புரதம், மரபணு என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடி விழுகிறது.

இதில் எனக்கு உண்மையாகவே பிடித்த விஷயம் அதுதான். டெர்பினாஃபின் ஒரே ஒரு என்சைமைப் பூட்டுகிறது, அந்த என்சைமில் சின்ன மாற்றம் வந்துவிட்டால் பூஞ்சை தப்பித்துவிடும். பத்துப் பக்கம் அடி விழுந்தால் தப்பிப்பது கடினம். மருந்துக்கு அடங்காத பூஞ்சை பெருகும் நாட்டில் இப்படி ஒரு ஆயுதம் ஆய்வில் இருப்பது நல்லதே. சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த பூஞ்சையை இது நிமிஷக்கணக்கில் கொல்வதும், வெட்டிய மனித நகத் துண்டுகளில் ஏற்றிய பூஞ்சையைக் கொல்வதும் ஆய்வுகளில் வந்திருக்கின்றன.

சிக்கல் நகம். அந்தப் படையில் மிக ஆவேசமான ஹைட்ராக்சிலின் ஆயுள் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நகத்தின் மேல்பரப்பைத் தொட்டதும் அதன் கதை முடிந்துவிடும். தாக்குப்பிடித்து உள்ளே ஊறிப் போகக்கூடியவை பெராக்சைடு, நைட்ரைட் மாதிரி நிதானமானவை. நகம் நீரில் கரையும் சின்ன மூலக்கூறுகளுக்கு ஓரளவு வழிவிடும் என்பதால் இது முடியாத காரியமில்லை. ஆனால் அப்பாவின் நகம்போல இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அடியில் பொடி அடைத்துக் கிடந்தால் போய்ச் சேர்வது எவ்வளவு? தட்டில் இருக்கும் பூஞ்சை வெட்ட வெளியில் நிற்கிறது. நகத்துக்கடியில் இருப்பது கோட்டைக்குள் இருக்கிறது.

அப்படியானால் மனிதர்களில் என்ன ஆயிற்று? நியூயார்க் தோல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு இதில் அடிக்கடி காட்டப்படுவது. 19 பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. பார்வைக்குக் குணமானது 53.8 சதவீதம். பரிசோதனையில் பூஞ்சை போனது 15.4 சதவீதம். விளம்பரங்களில் முதல் எண் மட்டும் வரும். இப்போது டெர்பினாஃபின் எண்ணை நினைத்துப் பாருங்கள். அங்கே பூஞ்சை முதலில் போகிறது, நகம் மெதுவாகப் பின்னால் வருகிறது, எழுபதும் முப்பத்தெட்டும். இங்கே தலைகீழ். நகம் அழகாகிவிட்டது, பூஞ்சை பெரும்பாலோருக்குள் அப்படியே இருக்கிறது. வெள்ளையடித்த சுவருக்குள் கரையான் இருக்கிற மாதிரி. ஆய்வு செய்தவர்கள் அதை ஒளிக்கவில்லை, ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்க்கச் செய்த முதல்படி அது. அதைக் குணப்படுத்தும் அத்தாட்சியாகத் தூக்கிப் பிடிப்பவர்கள் விற்பவர்கள்தான்.

19 பேர் என்பது எவ்வளவு சின்ன ஆய்வு என்று புரிய இன்னொன்றைச் சொல்கிறேன். 2011இல் விக்ஸ் வேப்பரப்பை நகத்தில் தடவிப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது. 18 பேர், 48 வாரம். ஐந்து பேருக்கு நகமும் சீராகிப் பூஞ்சையும் போனது, பத்துப் பேருக்கு ஓரளவு தேறியது, மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தை நூற்றுக்குக் கணக்குப் போட்டால் 28. இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைப்பது விஞ்ஞானப்படி சரியில்லை என்று எனக்கும் தெரியும், ஆட்களும் வேறு, அளவுகோலும் வேறு. ஆனால் இருபது பேர்கூட இல்லாத ஆய்வை நம்பி ஆறு அமர்வுக்குப் பணம் கட்டச் சொன்னால், விக்ஸ் டப்பா ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர் பிளாஸ்மா ஏமாற்று வேலை இல்லை. ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் நகரத்துப் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்திலிருந்து பிறந்த ஒரு கருவி 2013இலிருந்து ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சான்றோடு ஆறாத புண்களுக்குப் பயன்படுகிறது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் ஒப்பீட்டுக் குழுவோடு செய்த ஒரு ஜெர்மன் ஆய்வு 2020இல் வந்தது, பிளாஸ்மா காட்டிய புண்கள் வேகமாகச் சுருங்கின. புண் திறந்து கிடக்கிறது, நகம் மூடிக் கிடக்கிறது. அங்கே வேலை செய்தது இங்கேயும் செய்யும் என்று தாவிவிட முடியாது, செய்யவே செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது.

நகப்பூஞ்சைக்குக் காட்டும் லேசரைப் பற்றி இரண்டே வரி. 2010 வாக்கில் அமெரிக்கா அதற்குக் கொடுத்த அனுமதியின் வாசகம், தெளிந்த நகத்தின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டுவது. பூஞ்சையைக் குணப்படுத்துவது என்று அதில் இல்லை. சுடும், வலிக்கும்.

அப்பாவின் நகம்

ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரருக்கு முடிவெடுப்பது சுலபம். அப்பாவுக்கு வயது 72. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நன்றாக இருந்தது. சிறுநீரகம் இல்லை. கழிவை வடிகட்டும் அளவு நிமிஷத்துக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியிருந்தது, அந்த நிலையில் டெர்பினாஃபின் கொடுப்பதில்லை. அதோடு அது மெட்டோப்ரோலாலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், நாடித்துடிப்பு குறையலாம். இட்ராகோனசோலுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை குறுக்கே நின்றது. எல்லோரும் பயந்த கல்லீரல் நன்றாக இருக்க, யாரும் நினைக்காத சிறுநீரகம் கதவைச் சாத்தியது.

சும்மா விட்டால் என்ன? அவர் வயதில் பலர் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் சர்க்கரை உள்ளவருக்குத் தடித்த நகம் அடிச்சதையை அழுத்திப் புண்ணாக்கும், மரத்த காலில் அது தெரியாது. டாக்டர் மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, "தொடுறது தெரியுதாங்க ஐயா?" என்று கேட்டார். இரண்டு இடத்தில் அப்பா பதில் சொல்லவில்லை. சும்மா விடும் யோசனை அதோடு முடிந்தது.

இப்படி மாத்திரைக் கதவு அடைத்தவர்களுக்குத்தான் பிளாஸ்மா பற்றிய பேச்சு நேர்மையாகத் தொடங்குகிறது என்பது என் கருத்து. டாக்டரிடம் கேட்டேன். "செய்யக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா அதுக்கும் நகத்தை மெலிசாக்கணும், பூச்சும் போடணும். அந்த ரெண்டும் செஞ்சா, அப்புறம் மிஷின் என்ன செஞ்சுதுன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கப் போறோம்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. போவதென்று யாராவது முடிவு செய்தால் கிளினிக்கில் இதையாவது கேளுங்கள்: ஆரம்பிக்கும் முன் நகத்தைச் சுரண்டிப் பரிசோதிப்பீர்களா, மெலிதாக்குவீர்களா, முடிந்து சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பூஞ்சை இல்லை என்று எழுத்தில் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் முகபாவமே பதில்.

அப்பாவுக்கு யூரியா களிம்பு வைத்து, சுற்றுத் தோலுக்குப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் சுற்றி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் பிரித்தபோது நகம் நனைந்த அட்டைபோல இருந்தது. டாக்டர் வலிக்காமல் அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தார், தட்டில் ஒரு ஸ்பூன் அளவுக்குச் சேர்ந்தது. வீட்டில் அப்பாவே வெட்டிக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பு. அதன் பிறகு வாரம் ஒருமுறை அமோரோல்ஃபின். ஞாயிற்றுக்கிழமை அம்மா அரத்தால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பூசிவிடுகிறார். அந்த அரம் வேறு எந்த விரலுக்கும் போகாது. விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்குத் தனியாகக் களிம்பு, ஏனென்றால் அங்கிருந்துதான் மறுபடி ஏறும். குணமானவர்களிலேயே நாலைந்தில் ஒருவருக்குத் திரும்பி வருகிற நோய் இது. பழைய ரப்பர் செருப்பைத் தூக்கி எறிய மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை. அம்மா ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் சேர்த்துவிட்டார்.

முழுசாகச் சரியாகுமா? வாய்ப்பு குறைவு என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மெலிதாக, புண்ணாக்காமல் இருந்தாலே போதும் என்பதுதான் பேச்சு. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், வயதானவர்களுக்கு அதிலும் குறைவு. நகம் முழுசாக மாற ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் டாக்டர் அரத்தால் ஒரு சின்னக் கீறல் போட்டிருந்தார். கீறல் முன்னால் நகர நகர, பின்னால் வரும் நகம் தெளிவாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நாலு மாதம் ஆகிறது. அப்பா என் பையனின் பென்சில் பாக்ஸ் ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு அளக்கிறார். நேற்று போன் பண்ணினார். "நாலு மில்லி வந்துருச்சு பாப்பா. பின்னாடி மூணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு சந்தேகமா இருக்கு."